‘நான்’னு எழுதப் பயந்த பிள்ளைக்குக் கெடச்ச சீட்டு

எம் மவ பியூலாவுக்கு அம்புட்டுப் பெரிய காலேஜுல சீட்டு கெடச்சதுக்கு முழுக் காரணமும் நான்தான்.

பொய்யி. வாயத் தொறந்த ஒடனே பொய்யி. கெடைக்காமப் போகப் பாத்துச்சு பாருங்க, அதுக்குத்தான் முழுக் காரணமும் நான். கெடச்சதுக்குக் காரணம் கர்த்தர். அவரு அத எப்படிச் செஞ்சாரு, யார வச்சுச் செஞ்சாருன்னுதான் இப்பச் சொல்லப் போறேன்.

ஆண்டவருக்குள்ள அன்பான சகோதர சகோதரிமாரே, எம் பேரு செல்லத்துரை. குத்தாலம் ஐந்தருவியில எண்ணெ தேய்ச்சு விடுத செல்லத்துரைன்னா நம்ம சபையில எல்லாருக்கும் தெரியும். மலையாளத்துக்காரரு, மதுரைக்காரரு, வயசாளி, வாலிபன், யாரா இருந்தாலும் குப்புறப் படுத்துட்டா எனக்கு எல்லாம் முதுகுதான். ரெண்டாங் கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீந்து போச்சு. நான் அத விடல, அதுதான் என்னைய விட்டுட்டு. பாஸ்டர் ஐயா, சபைப் பத்திரிகைக்கு, கர்த்தர் ஒமக்குச் செஞ்சதச் சொல்லி சாட்சி எழுதிக் குடும்னாரு. "ஐயா, நான் கையெழுத்துப் போட்டாலே கோழி நடந்த மாதிரி இருக்கும்"னேன். அப்படின்னா போன்ல பேசி அனுப்பும், கேட்டு எழுதிக்கிடுதோம்னுட்டாரு. அதான் வீட்டுல ஒக்காந்து போனப் பாத்துப் பேசிட்டு இருக்கேன். சத்தம் ஒண்ணும் இருக்காது. வீட்டுல வேற ஆளு கெடையாது.

எஞ் சம்சாரம் ஞானம், பியூலா எட்டாங் கிளாஸ் படிக்கும்போது கர்த்தருக்குள்ள நித்திரையாயிட்டா. மஞ்சக்காமாலை. அதுக்குப் பொறவு இலஞ்சியில இந்த வீட்டுல நானும் அவளுந்தான். நான் எதாவது கோட்டி பண்ணி கேலி பேசுவேன், அவ "சும்மா இருங்கப்பா"ம்பா. எங்களுக்குள்ள பேச்சுன்னா அம்புட்டுத்தான். ஆனா அது போதும்யா. ஒரு வீட்டுக்கு அது போதும்.

பன்னெண்டாங் கிளாஸ் படிக்கையில அவ ஸ்கூலு கம்ப்யூட்டர் டீச்சர் ஒரு காலேஜப் பத்திச் சொல்லிருக்காங்க. பெங்களூருப் பக்கத்துல இருக்காம். நாடு முழுக்க இருந்து பிள்ளைங்க எழுதிப் போடுமாம், அதுல சல்லடை போட்டுச் சலிச்சு ஒரு கைப்பிடிப் பேரத்தான் சேப்பாங்களாம். சேந்துட்டா படிப்பு, சோறு, தங்க எடம் எல்லாம் அவங்க பொறுப்பு. ஆனா மார்க்கு மட்டும் பத்தாது. நீ யாரு, என்ன செஞ்சிருக்க, எதுக்கு இங்க வரணும்ங்கன்னு கட்டுரை எழுதணும். பொறவு வீடியோவுல பாத்துப் பேசுவாங்க.

"எழுதிப் போடட்டாப்பா?"ன்னு கேட்டா.

"போடுட்டி"ன்னேன். நமக்கெங்க கெடைக்கப் போவுதுன்னு நெனப்பு. கெடைக்காதுன்னு நெனைக்கும்போது தாராளமா உத்தரவு குடுக்கலாம்லா.

குடுத்துட்டு சும்மா இருந்தேனா? அதுதான் இல்ல. எங்கிட்ட வருத முதுகுல பாதி, பெரிய பெரிய வீட்டு முதுகு. மெட்ராஸ்ல பிள்ளைங்களப் படிக்க வைக்குத முதுகு. எண்ணெயப் போட்டு ரெண்டு இழுப்பு இழுத்ததும் கேப்பேன், "சார், பெரிய காலேஜுல சேரணும்னா பிள்ளை என்ன செய்யணும்?" படுத்துக் கெடக்க மனுசன் பொய் சொல்ல மாட்டான்னு எனக்கொரு நம்பிக்கை. ஒருத்தர் விளையாட்டுல மெடல் வாங்கணும்னாரு. ஒருத்தர் வீணை வாசிக்கணும்னாரு. ஒருத்தர், தன் மவன் ஆஸ்பத்திரியில போயி பழம் குடுத்து போட்டோ எடுத்தான்னாரு. எல்லாத்தையும் சாயங்காலம் வந்து அவகிட்ட ஒப்பிப்பேன். "ஏட்டி, சிலம்பம் படிக்கியா? ஏட்டி, நாலு பேருக்குப் பழம் குடுத்துப் போட்டோ எடுப்பமா?"

"சும்மா இருங்கப்பா. நான் ஏற்கெனவே ஒண்ணு செஞ்சிட்டுத்தான் இருக்கேன், அத எழுதச் சொல்லிருக்காங்க டீச்சர்"னா.

அது என்னன்னு ஒங்களுக்குத் தெரியும். நம்ம சபைக் கூடத்துல சாயங்காலம் பீடி சுத்துத அக்காமாருக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்திட்டு இருந்தா. அதப் போயி என்னத்த எழுதன்னு நெனச்சேன். ஆனா ‘எழுத’ன்னு சொன்னதும் எனக்கு ஒரு கெத்து வந்துட்டு. ஏன்னா எழுதத் தெரியாட்டாலும் சாட்சி சொல்லத் தெரியும் எனக்கு. நம்ம சபையில சாட்சி எப்படிச் சொல்லணும்னு அடிபட்டுக் கத்துக்கிட்டவன் நான்.

அந்தக் கதை புதுசா வந்தவங்களுக்குத் தெரியாது. ஒரு சீசன்ல, ஒரு பெரியவரு அருவிப் பக்கம் பாசியில வழுக்கிட்டாரு. நான் பாஞ்சு புடிச்சேன். ஞாயித்துக்கிழமை சாட்சி நேரத்துல எந்திரிச்சு, "நான் ஒருத்தரப் புடிச்சுக் காப்பாத்துனேன்"னு ஆரம்பிச்சேன். நம்ம மூப்பர் ஆசீர்வாதம் அண்ணாச்சி முன்னால இருந்துக்கிட்டே, "யாரு புடிச்சது?"ன்னாரு. நாந்தான் அண்ணாச்சின்னேன். "யாரு புடிச்சது?"ன்னு மறுபடியும் கேட்டாரு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. "கர்த்தர்தான் புடிச்சாரு அண்ணாச்சி. ஏன்னா எங் கையில எண்ணெ இருந்துச்சு, நான் புடிச்சிருந்தா வழுக்கிருக்கும்"னேன். சபையே சிரிச்சுட்டு. அன்னையில இருந்து நம்ம சபையில ‘நான்’னு யாரு ஆரம்பிச்சாலும் அண்ணாச்சியோட இருமல் ஒண்ணு கேக்கும்.

அதனால பியூலாவ ஒக்கார வச்சு புத்தி சொன்னேன். "ஏட்டி, ‘நான்’னு எழுதாத. அது பெருமை. கர்த்தர் செஞ்சாரு, கர்த்தர் தொறந்தாரு, கர்த்தர் நடத்துனாருன்னு எழுது. படிக்கவங்க அப்படியே உருகிருவாங்க."

அவளும் எம் மவ தானே. சின்னப் பிள்ளையில இருந்து அந்த இருமலக் கேட்டு வளந்தவ. அப்படியே எழுதிப் போட்டா. கர்த்தர் எங்கள் சபையில் பெண்களின் கண்களைத் திறந்தார்னு இங்கிலீஷுல. படிச்சுக் காட்டுனா. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா கண்ணுல தண்ணி வந்துட்டு.

பதினொண்ணாங் கிளாஸ் மார்க்கு நல்ல மார்க்கு. அதுல மொத சல்லடையில தங்கிட்டா. மாசி மாசம் வீடியோவுல பேசணும்னு சொன்னாங்க. எங்க வீட்டுல டவர் கெடைக்குத ஒரே எடம் பின்னால துவைக்குத கல்லு. அங்கன நாற்காலியப் போட்டு, பின்னாடி ஞானத்தோட நீலச் சேலையக் கெட்டித் தொங்கவிட்டோம். பக்கத்து வீட்டுக் கோழி உள்ள வராம நான் வேலியோரம் காவலுக்கு நின்னேன். அங்கிட்டு மூணு பேரு இருந்து கேக்காங்க, இவ பதில் சொல்லுதா. எல்லாம் இங்கிலீஷு. எனக்குத் தெரிஞ்ச ஒரே சொல்லு ‘காட்’. அது அடிக்கடி வந்துச்சு. ஒவ்வொரு ‘காட்’டுக்கும் நான் கோழிய வெரட்டிக்கிட்டே ஸ்தோத்திரம் சொன்னேன். ஆகா, பொளந்து கெட்டுதா பிள்ளைன்னு நெனச்சேன்.

முடிஞ்சு வந்தவ மொகம் செத்துப் போயிருந்துச்சு.

"என்னட்டி?"

"நீ என்ன செஞ்சன்னு கேட்டாங்கப்பா. கர்த்தர் செஞ்சாருன்னேன். சரி, அதுல ஒன்னோட பங்கு என்னன்னு கேட்டாங்க. எல்லாம் அவரு கிருபைன்னேன். திரும்பவும் வேற மாதிரி கேட்டாங்கப்பா. எனக்கு ‘நான்’னு வாயில வரவே மாட்டேங்குது. கடைசியில அந்த மேடம் சிரிச்சுட்டு தேங்க் யூன்னாங்க."

பங்குனியில வந்துச்சு பதிலு. வெயிட்டிங் லிஸ்ட்டாம். எனக்குத் தெரிஞ்ச வெயிட்டிங் லிஸ்ட்டு ரயிலுல உள்ளது. "அப்ப கடைசி நேரத்துல கக்கூஸ் பக்கத்துல நின்னாவது போயிரலாமாட்டி?"ன்னேன். அவ சிரிக்கல. சும்மா இருங்கப்பான்னும் சொல்லல. போன வச்சுட்டு, துவைக்குத கல்லுகிட்டப் போயி அந்தச் சேலைய அவுத்து மடிச்சா. ரொம்ப நேரமா மடிச்சா.

வெயிட்டிங் லிஸ்ட்டுல உள்ளவங்க, புதுசா சொல்லுததுக்கு எதாவது இருந்தா ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம்னு போட்டிருந்தாங்களாம். "சொல்லுததுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லப்பா. தென்காசியிலயே எதாவது படிக்கேன்"னுட்டா.

இப்ப உண்மையச் சொல்லணும். அவ அப்படிச் சொன்னதும் எனக்குள்ள ஒருத்தன் கும்மாளம் போட்டான். அப்பாடா, பிள்ளை எங்கயும் போகாதுன்னு. சோறு வடிக்கும்போது ரெண்டு தட்டு இருக்கும், வெளக்கு அணைக்கும்போது "நல்லா இழுத்து மூடிட்டீங்களா"ன்னு ஒரு கொரலு இருக்கும். நான் மொழங்கால் போட்டா, வாயி "குடும் ஆண்டவரே"ங்குது, வயிறு "குடுக்காதேயும்"ங்குது. ரெண்டையும் கேட்டுக்கிட்டு அவரு என்னதான் செய்வாரு.

ஆனா பிள்ளை சரியாச் சாப்புட மாட்டேங்கா. அக்காமாருக்குச் சொல்லிக் குடுக்கவும் போகல. சாயங்காலம் ஆனா சுவத்தப் பாத்து ஒக்காந்திருக்கா. அந்த வீட்டுல நான் விட்ட நகைச்சுவை எல்லாம் தரையில விழுந்து கெடந்துச்சு, பொறுக்க ஆளில்லாம. அப்பத்தான் புரிஞ்சுது. பிள்ளை இங்கன இருந்தும் இங்கன இல்லன்னா, அதுக்கு அவ பெங்களூருல இருக்கதே மேலு.

யாருட்டச் சொல்ல? ஞானம் இல்ல. வேலைக்காவது போவம்னு ஐந்தருவிக்குப் போனேன். சித்திரை வெயிலு. குத்தாலத்துல சித்திரையில அருவி கெடையாது, அருவிக்குப் பொறத்தால உள்ள பாறைதான் உண்டு. தண்ணி ஒரு கயிறு மாதிரி ஒழுகுது. ஒரு முதுகு கெடையாது. கடை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்கு. நானும் கொரங்குகளுந்தான். சீசன்னா அருவிச் சத்தத்துல கத்திக் கத்தி ஜெபிக்கலாம், யாருக்கும் கேக்காது. இப்ப பெருமூச்சு விட்டாலே மலையில முட்டித் திரும்பி வருது. அதனால படியில ஒக்காந்து காதோட காதாப் பேசுத மாதிரி பேசுனேன்.

"ஆண்டவரே, நான் எந்திரிச்சாலே ஊரு சிரிக்குது. நீராவது சிரிக்காமக் கேளும். எம் மவளுக்கு அந்த எடத்தக் குடும். நான் தனியா இருப்பேன்னு ஒரு பயம் உண்டு. அதப் பாக்காதேயும். குடும்."

அம்புட்டுத்தான். பெரிய ஜெபம் எல்லாம் எனக்கு வராது. ஆனா அன்னைக்குத்தான் எனக்கு வாயும் வயிறும் ஒண்ணாச் சேந்து கேட்டுச்சு. கண்ணத் தொறந்தா ஒரு கொரங்கு என் எண்ணெப் பாட்டிலத் தூக்கிட்டு மேல போவுது. அதுக்கும் ஸ்தோத்திரம்னேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துல, பாஸ்டர் ஐயா ஜெப விண்ணப்பம் இருக்கவங்க சொல்லலாம்னாரு. எந்திரிச்சேன். எந்திரிச்சதுமே ரெண்டு பேரு சிரிக்க ரெடியாயிட்டாங்க.

"எம் மவளுக்காக ஜெபிக்கணும். சரியாச் சாப்புட மாட்டேங்கா"ன்னேன்.

பின்னால இருந்து ஒருத்தர், "பின்ன, ஒம்ம சமையல யாருவே சாப்புடுவா?"ன்னாரு. சபை முழுக்கச் சிரிப்பு. பாஸ்டர் ஐயாவும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன், பழக்க தோசம். சிரிச்சுக்கிட்டே நிக்கேன், ஒக்காரவும் முடியல, சொல்லவும் முடியல. அவ்வளவு பேருக்கு நடுவுல நின்னும், அந்த வத்திப் போன அருவிக்கிட்ட இருந்ததவிடத் தனியா இருந்தேன்.

அப்ப ஒரு சத்தம். "என்ன இளிப்பு? அவன் கண்ணப் பாருங்கவே!"

அன்னத்தாய் அக்கா. பீடி சுத்துத அன்னத்தாய் அக்கா. பியூலாட்ட மொத மொத எழுத்துப் படிச்சவங்க அவங்கதான். "ஏலே செல்லத்துரை, நீ சொல்லுலே. ஒம் மவ ஏன் எங்களுக்குச் சொல்லிக் குடுக்க வரல?"

சொன்னேன். காலேஜு, கட்டுரை, வீடியோ, வெயிட்டிங் லிஸ்ட்டு, எல்லாத்தையும். முடிச்சதும் அக்கா கேட்டாங்க, "அப்படி என்னத்தலே அந்தப் பிள்ளை எழுதுனா?"

"நாந்தான் அக்கா சொல்லிக் குடுத்தேன். கர்த்தர் எங்கள் சபையில் பெண்களின் கண்களைத் திறந்தார்னு."

"கர்த்தரா எங்கிட்ட வந்து சம்மணம் போட்டு ஒக்காந்தாரு? மூதி. என் வெரலப் புடிச்சு எழுத்து மேல வச்சது ஒம் மவளுல்லா?"

ஆசீர்வாதம் அண்ணாச்சி இருமுனாரு. "அன்னத்தாய், மகிமை யாருக்கு?"

"மகிமை அவருக்குத்தான் அண்ணாச்சி. யாரு இல்லேன்னா? ஆனா அவரு ஒரு ஆளத்தான அனுப்புனாரு? அனுப்புன ஆள மறைச்சுட்டுச் சொன்னா அது சாட்சியா, பொய்ச் சாட்சியா? போலீஸ்காரன் வந்து யாரு பாத்தான்னு கேட்டா, ஆரோ பாத்தாங்கன்னா சொல்லுவீரு?"

அண்ணாச்சி பாஸ்டர் ஐயாவப் பாத்தாரு. ஐயா, "அக்கா சொல்லுததுல தப்பு ஒண்ணும் இல்ல"ன்னாரு. அண்ணாச்சி அதுக்கு மேல இருமல. அன்னைக்கு எல்லாரும் எம் மவளுக்காக ஜெபிச்சாங்க. சிரிக்காம ஜெபிச்சாங்க.

மறுநா மத்தியானம் அன்னத்தாய் அக்கா எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க, மடியில பீடித் தட்டோட. கூட ரஹ்மத் அக்கா. அவங்க கடையநல்லூர்ல பொறந்து இங்கன வாக்கப்பட்டவங்க, துலுக்க வீட்டு அக்கா. நம்ம சபைக்கு வர மாட்டாங்க. பியூலா அவங்க வீட்டு வாசல்ல போயித்தான் சொல்லிக் குடுப்பா. வந்ததும் வராததுமா, "நான் ஒங்க சாமிக்குச் சாட்சி சொல்ல வரல அண்ணாச்சி. இந்தப் பிள்ளைக்குச் சொல்ல வந்தேன்"னுட்டாங்க.

பியூலா எந்திரிச்சு உள்ள போகப் பாத்தா. "ஏட்டி, இரி. பேப்பர எடு. நீ என்ன செஞ்சன்னு நாங்க சொல்லுதோம், எழுது"ன்னாங்க அன்னத்தாய் அக்கா.

"நான்னு எழுதுனா பெருமையாயிராதா அக்கா?"

"நீ கண்டதையும் சேத்து எழுதுனாத்தான் பெருமை. நடந்தத எழுதுனா நடந்தது."

பீடி சுத்திக்கிட்டே சொல்லுதாங்க. நான் அடுப்புல காப்பி போட்டுக்கிட்டே கேக்கேன். கேக்கக் கேக்க, இது எம் மவதானா, இல்ல வேற யாரு மவளையும் பத்திப் பேசுதாங்களான்னு ஆயிட்டு. அன்னத்தாய் அக்காவுக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம், எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. சபையில பாட்டுப் புஸ்தகத்தத் தலகீழாப் புடிச்சிட்டுப் பாடுவாங்களாம், யாரும் பாக்கலன்னு நெனச்சு. இவ பாத்திருக்கா. ‘அ, ஆ’ன்னு ஆரம்பிக்கல. "அக்கா, நீங்க பாடுங்க, மெதுவாப் பாடுங்க"ன்னு சொல்லி, அவங்க பாடுத ஒவ்வொரு சொல்லுக்கும் வெரலப் புடிச்சு வச்சிருக்கா. வாயில உள்ள சொல்லுதான் பேப்பர்ல உள்ள சொல்லுன்னு மண்டையில ஏறுத வரைக்கும். பொறவு ஒரு நா வேணும்னே வேற பக்கத்தத் தொறந்து வச்சிட்டாளாம். எந்தப் பாட்டுன்னு தெரியாம பாட வரல. ஆனா நடுவுல ஒரு சொல்லு தெரிஞ்ச மொகமா இருந்துச்சாம். ‘அன்பு’ன்னு வாசிச்சாங்களாம். "அன்னைக்கு நான் வீட்டுக்குப் போயி ரேஷன் கார்டு, தீப்பெட்டி, மருந்துச் சீட்டு எல்லாத்தையும் எடுத்து வச்சு அந்த எழுத்தத் தேடுனேன்லே"ன்னாங்க.

ரஹ்மத் அக்காவுக்கு நம்ம பாட்டு தெரியாதுல்லா. அவங்கள தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கே கூட்டிட்டுப் போயிருக்கா. பஸ்ஸப் பாத்ததும் அது எங்க போவும்னு அக்காவுக்குத் தெரியும், டிரைவரு மொகம், பஸ்ஸு நிக்குத எடம் எல்லாம் பழக்கம். "மொதல்ல நீங்க ஊரச் சொல்லுங்க, பொறவு போர்டப் பாருங்க"ன்னுருக்கா. கடையநல்லூர், ஆலங்குளம், செங்கோட்டைன்னு அப்படியே எழுத்துப் புடிச்சிருக்காங்க. "இப்ப எம் வீட்டுக்காரரு துபாயில இருந்து என்ன அனுப்புதாருன்னு அடுத்தவளுட்டக் குடுத்து வாசிக்க வேண்டாம்"னு சொல்லிட்டு, அக்கா முந்தானையால கண்ணத் தொடச்சாங்க.

எனக்கு வேற வேலை இல்ல. எழுதத் தெரியாது, இங்கிலீஷு தெரியாது. நான் செஞ்சது ஒண்ணுதான். காப்பியக் குடுத்துட்டு எதுக்க ஒக்காந்து, "பொறவு?"ன்னு கேட்டேன். "பொறவு நீ என்னட்டி செஞ்ச?" அவ சொல்லுவா. "அது ஏன் அப்படிச் செஞ்ச?" அவ யோசிப்பா. யோசிச்சுட்டு எழுதுவா. பாதியில நின்னு போன ரெண்டு அக்காமாரப் பத்தி எழுத வேண்டாம்னு நெனச்சா. "அது தோத்ததுல்லாப்பா"ன்னா. "தோத்தத மறைச்சாலும் பொய்ச் சாட்சிதான்"னு அன்னத்தாய் அக்கா பீடி நூலப் பல்லால கடிச்சுக்கிட்டே சொன்னாங்க. அதையும் எழுதுனா. அவங்க ஏன் நின்னுட்டாங்கன்னு எனக்குத் தெரியல, பெரியவங்க எப்படிப் படிக்காங்கங்குதத் தெரிஞ்சுக்கிடத்தான் ஒங்க காலேஜுக்கு வரணும்ங்கேன்னு முடிச்சா.

ஒரு பக்கந்தான். ‘நான்’னா இங்கிலீஷுல எதுன்னு கேட்டேன், காட்டுனா. நெட்டுக்குத்தா ஒரு கோடு. அந்தப் பக்கம் முழுக்க அங்கங்க அது நின்னுச்சு, வயல்ல கம்பு நட்ட மாதிரி. எங்க வீட்டுப் பிள்ளை நிக்குத மாதிரி.

அனுப்பிட்டா. பொறவு பதிலே இல்ல. வைகாசி போச்சு. தென்காசி காலேஜுல ஒரு சீட்டும் சொல்லி வச்சாச்சு. ஆனா பிள்ளை சாப்புட்டா. சாயங்காலம் சொல்லிக் குடுக்கப் போனா. கெடைக்காட்டாலும் இவ்வளவு போதும் ஆண்டவரேன்னு நான் ஜெபத்துல சொல்லிட்டேன்.

ஆனி பொறந்து சாரல் இறங்குச்சு. அருவியில தண்ணி கொட்டுது, முதுகு வரிசையில நிக்குது. ஒரு திருவனந்தபுரத்துக்காரர் பலகையில கெடக்காரு, எங் கை ரெண்டும் எண்ணெ. போன் அடிக்குது. என்னால எடுக்க முடியல. அந்த மனுசனே குப்புறக் கெடந்தபடி எடுத்து எங் காதுல வச்சாரு. அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. "அப்பா"ங்கது மட்டும் கேட்டுச்சு. அழுதாளா சிரிச்சாளான்னு தெரியல. பொறவு கத்துனா, "கெடச்சுட்டுப்பா! எடம் கெடச்சுட்டு!"

நான் அந்தாளு தோள்பட்டையப் புடிச்சு ஒரு அமுக்கு அமுக்கிருக்கேன். அவரு "எண்டம்மே"ன்னு அலறிட்டாரு. விசயத்தச் சொன்னதும் எந்திரிச்சு ஒக்காந்து எங் கையக் குலுக்குனாரு, எண்ணெயோட.

ஆடியில தென்காசி பஸ் ஸ்டாண்டுல ஏத்தி விட்டேன். அன்னத்தாய் அக்காவும் ரஹ்மத் அக்காவும் வந்தாங்க. பஸ்ஸு வந்ததும் ரஹ்மத் அக்கா போர்டச் சத்தமா வாசிச்சாங்க, பெங்களூருன்னு. பியூலா சன்னல்ல இருந்து "சாப்புட்டுருங்கப்பா, ராத்திரி கதவ நல்லா இழுத்து மூடுங்க"ன்னா. நான் எதோ கோட்டி சொல்லணும்னு நெனச்சேன். ஒண்ணும் வரல. வாழ்க்கையில மொத மொதலா எனக்கு ஒண்ணும் வரல. பஸ்ஸு போயிட்டு.

சகோதர சகோதரிமாரே, நான் கேட்டத அவரு குடுத்தாரு. அப்படியே குடுத்தாரு. தனியா இருப்பேங்குத பயத்தப் பாக்காதேயும்னு சொன்னேன்லா, அதையும் அப்படியே கேட்டுட்டாரு. இப்பவும் சோறு ரெண்டு பேருக்குத்தான் வடிக்கேன், கை தானா அள்ளிப் போடுது. மிச்சத்த மறுநா பழசாக் குடிக்கேன். சில நேரம் வீட்டுக்குள்ள ஒரு நகைச்சுவையச் சொல்லிட்டு, பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு இருப்பேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், இது வருத்தம் இல்ல. வெறும் வீடு இருக்கே, அது எனக்குக் கெடச்ச பதிலோட அடையாளம். அவ இங்கன இல்லாதது, அவரு கேட்டாருங்குததுக்குச் சாட்சி. விளக்கப் போடும்போதெல்லாம் ஸ்தோத்திரம்னு சொல்லித்தான் போடுதேன். சில நா கொரலு நடுங்கும். அவரு கண்டுக்கிட மாட்டாரு.

நான் மாறிட்டேனான்னு கேட்டா, கோட்டி போகல. ஆனா இப்ப சாட்சி சொன்னா ஆளு பேரச் சேத்துச் சொல்லுதேன். கர்த்தர் செஞ்சாரு, அன்னத்தாய் அக்காவ வச்சுச் செஞ்சாருன்னு. ஒங்க வீட்டுலயும் பெரிய எடத்துக்கு எழுதிப் போடுத பிள்ளை இருந்தா, சிலம்பம் வேண்டாம், பழம் குடுத்துப் போட்டோ வேண்டாம். பிள்ளை உண்மையிலே என்ன செஞ்சதோ, யாருக்குச் செஞ்சதோ, அவங்ககிட்ட ஒக்காந்து கேளுங்க. பொறவு மொழங்கால் போட்டுக் கேளுங்க, வாயும் வயிறும் ஒண்ணாச் சேந்து கேளுங்க. ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போவுது. அவரு சிரிக்காமக் கேப்பாரு. ஆனா பாத்துக் கேளுங்க, குடுத்துருவாரு.

இன்னும் ஒண்ணு சொல்லணும். அவ போயி மொத ஞாயித்துக்கிழமை, கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன். கதவத் தொறந்ததும் உள்ள போக மனசு வரல. வாசப்படியிலயே நின்னு, "ஆண்டவரே, இனி எனக்கு இங்கன என்ன சோலி, என்ன வேலை?"ன்னு கேட்டேன். கேட்டுட்டு நிக்கேன், அப்ப பாத்தீங்கன்னா—

இருங்க, யாரோ கூப்புடுதாங்க. ரஹ்மத் அக்கா கொரலு.

"அண்ணாச்சி! அண்ணாச்சியோவ்! ஆலங்குளத்துல இருந்து ஒரு அம்மாவும் பிள்ளையும் வந்து நிக்காங்க. பிள்ளைக்கு எதோ பெரிய காலேஜுக்கு எழுதணுமாம், பியூலா வீடு எதுன்னு கேக்காங்க. அவ ஊருல இல்லன்னு சொல்லி அனுப்பிரவா?"

அய்யய்யோ. ஏ அக்கா, அனுப்பிராதீங்க! பிடிச்சு நிறுத்துங்க! காப்பி போடுதேன்னு சொல்லுங்க! இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்—